சிங்கப்பூரின் மாடும் கோழியும் எங்கே போயின? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒவ்வொரு பொங்கலுக்கும் லிட்டில் இந்தியாவில் மாட்டுக் கொட்டகை போடுவார்கள். அதன் தடுப்புக் கம்பியோரம் நின்று, வருகிற குடும்பங்களுக்கு மாட்டைப் பற்றி நாலு வார்த்தை சொல்வது சில ஆண்டுகளாக என் வழக்கம். மற்ற நாட்களில் லிம் சூ காங் பக்கம் பிள்ளைகளைப் பண்ணை பார்க்க அழைத்துப் போவதும் உண்டு. இரண்டு இடத்திலும் திரும்பத் திரும்பக் காதில் விழுந்த கேள்விகள்தான் இவை. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன்.

"சிங்கப்பூரில் நிஜமாவே பண்ணை இருக்கா? எல்லாம் வெளியிலிருந்துதானே வருது?"

இருக்கிறது. ஆனால் மிகக் குறைவு. நாட்டின் மொத்தப் பரப்பே சுமார் 735 சதுர கிலோமீட்டர்தான். அதில் விவசாயத்துக்கும் கால்நடைக்கும் ஒதுக்கியது ஒரு விழுக்காட்டுக்கும் கீழே. சாப்பாட்டில் 90 விழுக்காட்டுக்கு மேல் இறக்குமதி.

மிச்சமிருப்பதில் பெரியவை மூன்று முட்டைக்கோழிப் பண்ணைகள். அவற்றை விட்டால் ஆட்டுப்பால் பண்ணை, கொஞ்சம் பசுக்கள், காடை, தவளை, முதலை என்று சிறிய அளவில் சில. பெரும்பாலும் வடமேற்கு மூலையில், லிம் சூ காங், கிராஞ்சி வட்டாரத்தில் இருக்கின்றன. பன்றிப் பண்ணை ஒன்றுகூட இல்லை. சொல்லும்படியான கறிக்கோழிப் பண்ணையும் இல்லை.

"எங்கப்பா காலத்துல முட்டை, கோழி, பன்றி எல்லாமே இங்கேயே கிடைச்சதாம். உண்மையா, இல்ல பழங்கதையா?"

முழு உண்மை. 1960களில் இந்தத் தீவில் ஏறத்தாழ 20,000 பண்ணைகள் இருந்தன. பன்றி இறைச்சி, கோழி, முட்டை மூன்றிலும் நாடு தன்னிறைவு கண்டிருந்தது. பண்ணை என்றதும் பெரிய கட்டடத்தை நினைக்க வேண்டாம். கம்பத்து வீடு (கிராமத்து வீடு), பின்னால் பன்றிக் கொட்டில், பக்கத்தில் காய்கறிப் பாத்தி, ஒரு மீன் குளம், அவ்வளவுதான். பன்றியின் கழிவு பாத்திக்கும் குளத்துக்கும் போகும். குளத்தில் மிதக்கும் ஆகாயத்தாமரையை வேகவைத்துப் பன்றிக்குப் போடுவார்கள். ஒன்றின் கழிவு இன்னொன்றின் தீனி.

எங்கள் வீட்டில் ஒரு வாளி இருந்தது. மிச்சச் சோறு, காய்த்தோல் எல்லாம் அதில் விழும். ஒரு சீனப் பெரியவர் சைக்கிளில் வந்து அதை எடுத்துப் போவார். காசு கிடையாது. சீனப் புத்தாண்டுக்கு முன்னால் ஒரு கூடை முட்டை கொண்டுவந்து வைப்பார். அம்மாவுக்கு அவர் பெயர் தெரியாது, அவருக்கு எங்கள் பெயர் தெரியாது. ஆனால் அவர் வராத நாளில் அம்மா வாசலைப் பார்த்துக்கொண்டே இருப்பார். அந்தக் காலத்து மக்கள்தொகையையும் நினைவில் வையுங்கள்: 1960-ல் 16 லட்சம் பேர், இன்று 60 லட்சத்துக்கு மேல்.

"அப்புறம் ஏன் பன்றிப் பண்ணையை எல்லாம் மூடினாங்க? முஸ்லிம்கள், இந்தியர்கள் கேட்டுக்கிட்டதாலயா?"

இல்லை. இந்த எண்ணம் பலரிடம் இருக்கிறது, அதனால் விளக்கமாகச் சொல்கிறேன். காரணம் தண்ணீர்.

நமக்குச் சொந்தமான ஆற்றுநீர் என்று பெரிதாக எதுவும் இல்லை. விழும் மழையைத் தேக்கித்தான் குடிக்க வேண்டும். 1975-ல் கிராஞ்சி நீர்த்தேக்கம் வந்தது. அந்த வட்டாரம் முழுக்கப் பன்றி வளர்த்த இடம். மழை பெய்தால் கொட்டிலைக் கழுவிய நீர் ஓடை வழியே நேராகத் தேக்கத்துக்குள் வரும். அதனால் பன்றி வளர்ப்போரை வடகிழக்கில் உள்ள பொங்கோல் வட்டாரத்துக்கு மாற்றினார்கள். 1977-ல் சிங்கப்பூர் ஆற்றையும் காலாங் ஆற்றுப் படுகையையும் பத்தாண்டுக்குள் சுத்தம் செய்ய வேண்டும் என்று அப்போதைய பிரதமர் லீ குவான் இயூ இலக்கு வைத்தார். அதற்காக அந்தப் படுகையிலிருந்து 610 பன்றிப் பண்ணைகளையும் 500 வாத்துப் பண்ணைகளையும் அகற்றினார்கள். 1987-ல் ஆறு தெளிந்தது.

பொங்கோலில் கழிவைச் சுத்திகரித்துப் பார்த்தார்கள். செலவு கட்டுப்படியாகவில்லை, நாற்றமும் குறையவில்லை. பன்றி வளர்ப்பையே படிப்படியாக நிறுத்துவதாக 1984-ல் அரசு அறிவித்தது. 1990-ஐ ஒட்டி கடைசிப் பண்ணையும் போய்விட்டது. இன்று தீவின் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதி. குழாயைத் திறந்தால் வரும் தண்ணீருக்குக் கொடுத்த விலையில் அந்தக் கொட்டில்களும் சேர்த்தி.

"தண்ணீர்னு சொல்றது சாக்கு. வீடு கட்ட நிலம் வேணும், அதுக்குத்தானே விரட்டினாங்க?"

நிலமும் ஒரு காரணம், அதை மறைக்க வேண்டியதில்லை. தோ பாயோ, அங் மோ கியோ, ஹவ்காங் என இன்று வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிகள் நிற்கும் பல இடங்கள் ஒரு காலத்தில் கம்பமும் தோட்டமும்தான். பொங்கோலில் பன்றி இருந்த இடத்தில் இன்று புதுநகர். இழப்பீடு கொடுத்தார்கள், மாற்று வீடு கொடுத்தார்கள். ஆனால் கிராஞ்சியிலிருந்து பொங்கோலுக்குப் போய், கடன் வாங்கிச் சிமெண்டுக் கொட்டில் கட்டி, பத்தாண்டுக்குள் அதையும் மூடச் சொன்னால் அந்தக் குடும்பத்துக்கு எப்படி இருக்கும்? ஐம்பது வயதில் வேறு என்ன வேலைக்குப் போவது?

மூடியது சரியான முடிவு என்றுதான் நான் நினைக்கிறேன். அதன் வலியைத் தாங்கியவர்கள் யார் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். லிம் சூ காங்கில் 1988-ல் தொடங்கிய ஹே டெய்ரீஸ் ஆட்டுப்பண்ணை அப்படிப்பட்ட ஒரு குடும்பத்துடையது. பன்றியை விடச் சொன்னபோது அவர்கள் ஆட்டுக்கு மாறினார்கள்.

"எருமைச் சாலை, கண்டாங் கெர்பாவ்னு பேர் வெச்சிருக்காங்களே, லிட்டில் இந்தியா தேக்காவுல நிஜமாவே மாடு இருந்துச்சா?"

இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் சிராங்கூன் சாலைதான் இந்தத் தீவின் மாட்டுச் சந்தை. பக்கத்தில் ரோச்சோர் ஆறு, சுற்றிலும் சதுப்பும் புல்லும். மாட்டுக்கு வேண்டிய நீரும் மேய்ச்சலும் நடந்து போகும் தூரத்தில். கல்கத்தாவிலிருந்து வந்த ஐ. ஆர். பெலிலியோஸ் என்ற யூத வணிகர் இங்கே பெரிய மாட்டு வியாபாரி. பெலிலியோஸ் சாலை அவர் பெயரில்தான். மாட்டைப் பிடிக்க, கட்ட, கறக்க, வண்டியோட்ட வந்தவர்களில் நம்மவர்கள் ஏராளம். இந்தியர்கள் இங்கே திரண்டதற்கு மாடு ஒரு முக்கியக் காரணம்.

பெயர்களைக் கவனியுங்கள். பஃபலோ சாலை ஆங்கிலத்தில் எருமை. அதை அடுத்த கெர்பாவ் சாலை மலாயில் எருமை. மகப்பேற்றுக்குப் பேர்போன கண்டாங் கெர்பாவ் மருத்துவமனை என்றால் எருமைக் கொட்டில் என்று பொருள். இங்குள்ள எத்தனையோ பேர் பிறந்த இடத்தின் பெயர் எருமைத் தொழுவம். இதைச் சொல்லும்போது பிள்ளைகள் முகத்தில் வரும் வியப்பைப் பார்க்கவே நான் வருகிறேன்.

சதுப்பு தூர்ந்து கட்டடங்கள் வரவர, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கப் பத்தாண்டுகளில் மாட்டு வியாபாரம் அங்கிருந்து வெளியேறியது.

"பால்காரர்கள் என்ன ஆனாங்க? எங்க பாட்டி, மாட்டையே வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்து கறப்பாங்கன்னு சொல்லுவாங்க."

சந்தை போனாலும் பால்காரர் நெடுநாள் இருந்தார். கம்பங்களில் நாலைந்து மாடு வைத்துக்கொண்டு, விடியுமுன் கறந்து, சைக்கிளில் தூக்கு கட்டி வீடு வீடாக ஊற்றினார். மேய்ச்சல் நிலம் மறைந்ததும், சாலையில் மாடு திரியக்கூடாது என்ற கட்டுப்பாடு இறுகியதும் அவர் தொழில் ஒடுங்கியது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் அடுக்குமாடிக்குப் போனபின் பாலும் பெட்டியில் வரத் தொடங்கியது.

இன்று பேரங்காடியில் வாங்கும் பால் பெரும்பாலும் ஆஸ்திரேலியா, மலேசியா பக்கத்திலிருந்து வருவது. உள்ளூர்ப் பசும்பால் மிகக் கொஞ்சம். கோயில் அபிஷேகத்துக்கும் பால் பொங்கவைக்கும் சடங்குக்கும் அதைத் தேடிப்போய் வாங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

"பன்றி இங்க இல்லன்னா சந்தையில விக்கிற அந்தப் புதுக்கறி எங்கேருந்து வருது?"

முதலில் மலேசியாவிலிருந்து உயிரோடு வந்தது. 1998, 1999-ல் அங்கே பன்றிப் பண்ணைகளில் நிப்பா கிருமி பரவியது. சுங்கை நிப்பா என்ற ஊரின் பெயரையே கிருமிக்கு வைத்தார்கள். மலேசியாவில் நூற்றுக்கு மேல் உயிர்கள் போயின, பத்து லட்சம் பன்றிகளை அழித்தார்கள். 1999 மார்ச்சில் இங்கே இறைச்சிக்கூடத் தொழிலாளர்கள் 11 பேருக்குத் தொற்று, ஒருவர் இறந்தார். அன்று மலேசியப் பன்றிக்கு அடைத்த கதவு தீபகற்ப மலேசியாவுக்கு மீண்டும் திறக்கவில்லை.

அதன்பின் பெரிய ஆதாரம் புலாவ் புலான். பாத்தாமுக்குப் பக்கத்தில் உள்ள இந்தோனேசியத் தீவு. இங்கே பன்றிப் பண்ணைகளை மூடிக்கொண்டிருந்த அதே 1980களின் பிற்பகுதியில் அங்கே பெரும்பண்ணை எழுந்தது. படகில் ஏற்றி ஜூரோங்கில் உள்ள அறுப்புக்கூடத்துக்குக் கொண்டுவருவார்கள். 2023 ஏப்ரலில் அந்தப் பன்றிகளில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் தெரிந்தது. மனிதருக்கு ஒட்டாத நோய், பன்றியைக் கொல்லும் நோய். இறக்குமதி நின்றது. இங்கே அறுத்து விற்கும் புதுக்கறியில் மூன்றில் இரண்டு பங்கு அந்த ஒரே தீவிலிருந்து வந்துகொண்டிருந்தது என்பது அன்றுதான் பலருக்குத் தெரிந்தது. மொத்தப் பன்றி இறைச்சியில் அது 15 விழுக்காடுதான். மீதி உறைந்ததும் குளிரூட்டியதுமாகப் பிரேசில், ஆஸ்திரேலியா போன்ற நாடுகளிலிருந்து வந்ததால் தட்டுப்பாடு பெரிதாகவில்லை. போர்னியோ தீவில் உள்ள மலேசிய மாநிலமான சரவாக்கிலிருந்து உயிர்ப்பன்றியும் வருகிறது.

பண்ணையைக் கடலுக்கு அப்பால் வைத்தால் நாற்றமும் கழிவும் நம்மைத் தொடுவதில்லை. ஆனால் அங்கே ஒரு நோய் வந்தால் இங்கே கடை காலியாகிறது.

"கோழி சின்ன பிராணிதானே, அதையாவது இங்க வளர்க்கலாமே? கோழிச்சோறு இல்லாம நம்மால இருக்க முடியாதே!"

கறிக்கோழி ஆறு வாரத்தில் அறுப்புக்குத் தயாராகிவிடும். ஜோகூரில் நிலமும் ஆளும் மலிவு. லாரியில் ஏற்றினால் சில மணி நேரத்தில் துவாஸ் வழியாக வந்துவிடும். இங்கே வளர்த்து அந்த விலைக்கு விற்கவே முடியாது. அதனால் வளர்ப்பை அங்கே விட்டுவிட்டு, அறுப்பதை மட்டும் இங்குள்ள சில அறுப்புக்கூடங்களில் வைத்துக்கொண்டோம். சந்தையிலேயே கோழியைப் பிடித்து அறுக்கும் வழக்கம் 1990களின் தொடக்கத்தில் நின்றுபோனது.

இந்த ஏற்பாட்டின் மறுபக்கத்தை 2022-ல் பார்த்தோம். தன் நாட்டில் விலை ஏறியதால் மலேசியா ஜூன் 1 முதல் கோழி ஏற்றுமதியை நிறுத்தியது. மாதம் 36 லட்சம் கோழி. அப்போது நம் கோழி இறைச்சியில் மூன்றில் ஒரு பங்கு மலேசியாவுடையது, ஏறத்தாழ பாதி பிரேசிலிலிருந்து உறைந்து வந்தது. பட்டினி ஒன்றும் இல்லை. ஆனால் புதுக்கோழியை நம்பிய கோழிச்சோற்றுக் கடைகள் திணறின. உறைந்த கோழிக்கு அந்தப் பதம் வராது என்று சில நாள் கடையை மூடியவர்களும் உண்டு. அந்த மாதக் கடைசியிலேயே இந்தோனேசியக் கோழிக்கு அனுமதி கொடுத்தார்கள். அக்டோபரில் மலேசியக் கறிக்கோழி திரும்பி வந்தது.

"அப்போ முட்டை மட்டும் எப்படி இங்க தாக்குப் பிடிக்குது?"

எனக்கு மிகப் பிடித்த கேள்வி.

முட்டைக்கோழி 18 முதல் 20 வாரத்தில் இடத் தொடங்கும். பிறகு ஓராண்டுக்கும் மேல், ஏறத்தாழ நாளுக்கு ஒன்று. நகர வேண்டிய தேவை குறைவு. அடுக்கடுக்கான கூண்டுகளை ஒரே கட்டடத்தில் எழுப்பலாம். ஒரு பக்கம் ஈரத் தட்டிகள், மறுபக்கம் பெரிய விசிறிகள் வைத்துக் காற்றைக் குளிர்விப்பார்கள். தீனி தானாக வரும், முட்டை தானாக உருண்டு பட்டையில் விழும், எச்சம் தனிப் பட்டையில் போகும். ஒரு பெரிய பண்ணையில் மட்டும் நாளுக்கு 5 லட்சத்துக்கு மேல் முட்டை. ஒரு பண்ணையில் எச்சத்திலிருந்து எரிவாயு எடுத்து மின்சாரமும் ஆக்குகிறார்கள். பன்றியைத் தோற்கடித்த கழிவுப் பிரச்சினை இங்கே ஓரளவு கட்டுக்குள் வந்திருக்கிறது: கோழி எச்சம் காய்ந்தது, பன்றிக் கழிவு நீராக ஓடுவது.

நாம் உண்ணும் முட்டையில் உள்ளூர்ப் பங்கு 2022-ல் சுமார் 29 விழுக்காடு, 2023-ல் 32, 2024-ல் 34. அதே 2024-ல் காய்கறியில் 3, மீன் வகையில் 6 விழுக்காடுதான். ஒருவர் ஆண்டுக்கு 350 முட்டைக்கு மேல் சாப்பிடும் ஊர் இது. ஒரு கோழி ஆண்டில் சுமார் 300 இடும். அப்படியென்றால் ஆளுக்கு ஒரு கோழிக்கும் சற்றுக் கூடுதலாக எங்கோ ஓரிடத்தில் நமக்காக முட்டையிட்டுக்கொண்டிருக்கிறது. அந்தக் கோழிகளில் மூன்றில் ஒன்று நம் தீவிலேயே இருப்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

"கோழித்தீனி எல்லாம் இறக்குமதின்னு படிச்சேன். அப்புறம் அது எப்படி உள்ளூர் முட்டை?"

தீனி இறக்குமதிதான். மக்காச்சோளம், சோயா இரண்டும் வெளியிலிருந்து வருபவை. ஒரு கோழி நாளுக்கு 110 கிராம் அளவு தின்னும், ஆண்டுக்கு 40 கிலோ.

வித்தியாசம் இருப்பு வைப்பதில் இருக்கிறது. சோளத்தைக் குதிரில் மாதக்கணக்கில் வைக்கலாம், எந்தக் கண்டத்திலிருந்தும் கப்பலில் வாங்கலாம். முட்டையை அப்படி வைக்க முடியாது. எல்லை மூடினால் சில வாரத்தில் அலமாரி வெறிச்சோடும். 2022-ல் கோழிக்கு நடந்ததை மேலே சொன்னேன். அன்று முட்டைக்கும் அப்படி ஒரு தடை வந்திருந்தால் உள்ளூர்ப் பண்ணைகள்தான் கைகொடுத்திருக்கும். தீனியை முழுக்க இங்கே விளைவிக்க நிலம் கிடையாது, அந்தப் பேச்சே வேண்டாம்.

"உள்ளூர் முட்டை விலை கூட. சத்தும் கூடவா?"

சத்தில் சொல்லும்படியான வேறுபாடு இல்லை. மலேசியக் கோழி தின்பதும் அதே சோளம், அதே சோயா. கூடுதல் விலை நிலக் குத்தகை, மின்சாரம், கூலி ஆகியவற்றுக்கு. பதிலுக்குக் கிடைப்பது புதுமை. இட்ட ஓரிரு நாளில் கடைக்கு வந்துவிடுகிறது.

உள்ளூர் என்பதாலேயே கிருமி வராது என்றும் நினைக்காதீர்கள். 2021-ல் உள்ளூர்ப் பண்ணை முட்டையிலும் சால்மோனெல்லா தென்பட்டு விற்பனையைத் தற்காலிகமாக நிறுத்தினார்கள். எந்த முட்டையானாலும் நன்றாக வேகவைப்பதே நல்லது. அரைவேக்காட்டு முட்டையை காப்பிக் கடையில் விரும்பிச் சாப்பிடும் பெரியவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இதைக் குறிப்பாகச் சொல்கிறேன்.

"ஆட்டுக்கறி? குர்பானி ஆடு?"

கறி பெரும்பாலும் ஆஸ்திரேலியா, நியூசிலாந்திலிருந்து. குர்பானிக்காக ஹஜ்ஜுப் பெருநாளின்போது பள்ளிவாசல்களுக்கு ஆஸ்திரேலியச் செம்மறிகள் வந்திருக்கின்றன. உள்ளூர் ஆட்டுப்பண்ணை பாலுக்காக மட்டுமே.

"எங்க வீட்டுல ரெண்டு கோழி வளர்க்கலாமா? சின் மிங் பக்கம் கோழி சும்மா சுத்துதே, அது யாருது?"

அடுக்குமாடி வீட்டில் கோழி கூடாது. தனிவீட்டில் சொந்தத் தேவைக்கு 10 பறவைகள் வரை வைத்துக்கொள்ளலாம். காட்டுப்பறவை உள்ளே நுழையாதபடி வலையடித்த கூண்டு வேண்டும். பறவைக் காய்ச்சல் பயம்தான் காரணம். 2004-ல் மலேசியாவின் கிளந்தானில் அது தோன்றியபோது கோழி இறக்குமதியையே நிறுத்த வேண்டி வந்தது.

சாலையில் திரிபவை யாருடையதும் அல்ல. சில காட்டுக்கோழிகள், சில வீட்டுக்கோழியோடு கலந்தவை. செந்நிறக் காட்டுக்கோழி இந்த மண்ணுக்கே உரிய பறவை. உலகத்து வீட்டுக்கோழிகளுக்கெல்லாம் அதுதான் மூதாதை. 2017-ல் சின் மிங்கில் சத்தம் தாங்கவில்லை என்ற புகாரின்பேரில் 24 கோழிகளைக் கொன்றார்கள். பலர் வருந்தி எழுதினார்கள். ஒரு சேவல் கூவுவதைப் பொறுத்துக்கொள்ள ஒரு தலைமுறைக்குள் மறந்துவிட்டோமே என்று எனக்கும் வருத்தமாக இருந்தது.

"கூண்டுல அடைச்சு வெக்கிறது பாவம் இல்லையா? நீங்க அதைப் பெருமையா சொல்றீங்களே!"

ஒரு பதின்ம வயதுப் பெண் கேட்டாள். நான் கொஞ்ச நேரம் பேசவில்லை. கூண்டுக்கோழிக்குச் சிறகை விரிக்க இடமில்லை, மண்ணைக் கிளற முடியாது. அதன் இயல்பில் பாதியை நாம் பறிக்கிறோம். கூண்டில்லாமல் வளர்த்த முட்டையையும் ஓர் உள்ளூர்ப் பண்ணை விற்கிறது. அதற்கு இடமும் செலவும் அதிகம், விலையும் அதிகம். முடிந்தவர்கள் அதை வாங்கினால் பண்ணையும் அந்தப் பக்கம் நகரும். அன்றிலிருந்து நான் அதைத்தான் வாங்குகிறேன். அவளிடம் கற்றுக்கொண்டது.

"30க்கு 30னு சொன்னாங்களே, அது என்ன ஆச்சு?"

2030-க்குள் நமக்கு வேண்டிய சத்தில் 30 விழுக்காட்டை உள்ளூரிலேயே விளைவிப்போம் என்று 2019-ல் வைத்த இலக்கு. 2025 நவம்பரில் அதைக் கைவிட்டுப் புதிதாக இரண்டு இலக்குகள் வைத்தார்கள். 2035-க்குள் காய்கறி, காளான், முளைப்பயறு வகையில் 20 விழுக்காடு. முட்டையும் மீனும் சேர்ந்த புரத வகையில் 30 விழுக்காடு.

புரதத்தில் 2024-லேயே 26 விழுக்காடு எட்டியாகிவிட்டது, அதற்கு முட்டைதான் முக்கியக் காரணம். ஆனால் வழி நேராக இல்லை. நான்காவது முட்டைப் பண்ணையாக ஆண்டுக்கு 36 கோடி முட்டை தரக்கூடிய ஒன்றை ஒரு ஜப்பானிய நிறுவனம் அமைப்பதாக இருந்தது. அது வந்திருந்தால் தேவையில் பாதி இங்கேயே கிடைத்திருக்கும். 2024-ல் அந்தத் திட்டம் நின்றுபோனது. செலவு, மின்கட்டணம், ஆள் கிடைக்காமை என எல்லாப் பண்ணையும் சொல்லும் காரணங்கள் ஒன்றுதான். கொஞ்சம் விலை கூடினாலும் உள்ளூர் முட்டையை எடுக்கும் கைகள் பெருகினால்தான் நான்காவது, ஐந்தாவது பண்ணையைப் பற்றிப் பேச முடியும்.

"ஆய்வுக்கூடத்துல வளர்க்கிற கறி வந்திடுச்சாமே. இனி மாடு, கோழியே தேவையில்லையா? அது சைவமா?"

2020 டிசம்பரில் உயிரணுவிலிருந்து வளர்த்த கோழி இறைச்சியை விற்க உலகிலேயே முதலில் அனுமதித்தது சிங்கப்பூர்தான். 2024-ல் அது ஓர் இறைச்சிக் கடையிலும் வந்தது. அந்தப் பொருளில் உயிரணு இறைச்சி வெறும் 3 விழுக்காடு, மீதி தாவரப் புரதம். இதிலிருந்தே எவ்வளவு தூரம் போக வேண்டும் என்று புரியும். மொத்தத் தேவையில் அது இன்னும் ஒரு துளி.

சைவமா என்றால், அது விலங்கின் உயிரணுவிலிருந்து வளர்ந்தது. சைவம் என்று நான் சொல்ல மாட்டேன். ஹலால் பற்றி 2024 பிப்ரவரியில் சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றத்தின் ஃபத்வா குழு கருத்துச் சொன்னது: ஹலாலான விலங்கின் உயிரணுவாக இருந்து, வளர்ப்பு முறையும் சேர்க்கும் பொருள்களும் சரியாக இருந்தால் ஏற்கலாம்.

"லிம் சூ காங்கையும் எடுத்துக்கிட்டா பண்ணை எங்கே போகும்?"

வீண் பயமல்ல. பாய லேபார் விமானத்தளம் இடம் மாறுவதற்காகத் தெங்கா விமானத்தளத்தை விரிவாக்கும்போது லிம் சூ காங்கில் சில பண்ணைகள் பாதிக்கப்படும் என்ற செய்தி 2017-ல் வந்தது. முட்டைப் பண்ணையும் இடம் பெயர வேண்டியிருந்தது. ஈடாகப் புதிய நிலத்துக்கு 20 ஆண்டுக் குத்தகை கொடுத்தார்கள். லிம் சூ காங்கில் 390 ஹெக்டரை உயர்தொழில்நுட்ப உணவு வட்டாரமாக்கும் திட்டமும் வரையப்பட்டது.

20 ஆண்டு என்பது கோழிக் கட்டடத்துக்குப் போட்ட பணத்தை எடுக்கப் போதும். ஒரு குடும்பம் தொழிலைப் பிள்ளைக்குக் கொடுக்கப் போதாது. பெரிய முட்டைப் பண்ணைகள் எப்படியும் நிற்கும், அவை நாட்டுக்குத் தேவை. ஆட்டுக்கும் பசுவுக்கும் அந்தப் பலம் இல்லை. உணவுக் கணக்கில் அவை ஒரு துளியாக இருக்கலாம். இருந்தாலும் அவற்றுக்கென்று கொஞ்சம் நிலத்தை நீண்ட காலத்துக்கு ஒதுக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். பால் மாட்டிலிருந்து வருகிறது என்பதைக் கண்ணால் பார்க்காமல் இங்கே ஒரு பிள்ளை வளரக்கூடாது.

"அங்கிள், பொங்கல் முடிஞ்சதும் இந்த மாடு எங்க போகும்?"

போன பொங்கலுக்கு ஒரு ஏழு வயதுப் பையன் கேட்டது. லாரியில் ஏறித் தன் பண்ணைக்குப் போகும் என்றேன். அங்கே அதற்குத் துணை இருக்கிறதா என்று கேட்டான். இருக்கிறது என்றேன். நான் பார்க்கப் போகலாமா என்றான். போகலாம், அம்மாவைக் கேட்டு அழைத்துப் போகச் சொல் என்றேன். அவன் அம்மா என்னிடம் இடம் எங்கே என்று கேட்டு, கைப்பேசியில் குறித்துக்கொண்டார். பையன் கம்பிக்குள் கை நீட்டி, மாட்டின் நெற்றியில் இருந்த மஞ்சளைத் தொட்டுவிட்டுப் போனான்.